வீட்டுக்குப் போகிற எண்ணெய்

அத்தியாயம் 11

போன வார அத்தியாயத்தில் அஸாருதீனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து, கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். முப்பத்து மூன்று வயது. நெஞ்சு அடைத்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, நான்கு நாள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிடந்தவன். சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவனைப் பெற்ற அத்தா அன்வர் பாட்சாவின் எண்ணெய்க் கடையில் பதினெட்டு வயதிலிருந்து டின் தூக்கியவன். இவனுக்கு எப்படி வந்தது என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். 

அவன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்று முதல் செக்கப்.

தை மாதக் காலை, ஆறு மணி. இர்பானா கணவன் அஸாருதீனுக்கு இட்லி ஊற்றிவிட்டு, சட்னிக்குத் தாளிக்க எண்ணெய்த் தூக்கைத் திறந்தாள். எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. கரண்டியை விட்டால் விட்ட இடத்தில் நின்றது.

"அடுப்புக்குப் பக்கத்துல வெய்யி, இளகிரும்" என்றாள் மாமியார் தஸ்லீம், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எங்கம்மா ஊட்டுல கடலெண்ணெய் இப்படி உறையாதே, மாமி."

"அங்கே பாக்கெட்டு எண்ணெய். இது அசலு. அசலுன்னா உறையத்தான் செய்யும்."

பத்து தை மாதங்களாக இதே கேள்வி, இதே பதில். இர்பானா ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். அவள் அம்மா எண்ணெய் பாட்டிலின் மூடியில் சின்னதாக ஓட்டை போட்டு வைத்திருப்பாள். அதில் எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவுதான் தாளிப்புக்கு. கல்யாணமாகி வந்த முதல் வாரம் இங்கே அவள் கரண்டியில் அளந்து ஊற்றியதைப் பார்த்து தஸ்லீம் வாய் விட்டுச் சிரித்தாள்.

"எண்ணெய்க் கடைக்காரர் ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எண்ணெயை அளக்கிறியா? பாக்கறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

அன்றோடு அளப்பதை விட்டாள். இந்த வீட்டுக் குழம்பில் மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் குழம்பு வைத்தவளுக்கு மனமில்லை என்று அர்த்தம். இந்தப் பத்து வருடத்தில் இர்பானாவின் கையும் தாராளமாகிவிட்டது. 

மருத்துவமனைக்கு நான்கு பேர் போனார்கள். அஸாருதீன், இர்பானா, அன்வர் பாட்சா, அப்புறம் எட்டு வயது அஃபீபா. குழந்தையையும் கூட்டி வரச் சொன்னது டாக்டர்தான். இவ்வளவு சின்ன வயதில் அட்டாக் வந்திருப்பதால், ரத்தத்தில் கொழுப்பு கூடுகிற வாகு பரம்பரையாக இருக்கிறதா என்று குழந்தைக்கும் பார்த்துவிடலாம் என்றார்.

அஃபீபா அழவில்லை. ஊசி குத்தும்போது அப்பனின் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ரிசல்ட் நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

டாக்டர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மாத்திரையை விடக்கூடாது, டின் தூக்கக்கூடாது, சாப்பாடு பற்றிப் பக்கத்து அறையில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்து அறையில் தேவிப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நர்ஸுகள் அவளை டயட் மேடம் என்றார்கள். அவள் மேசையில் ரப்பர் இட்லி, ரப்பர் வாழைப்பழம், அளவு அளவாகக் கரண்டிகள். அஃபீபா இட்லியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"வீட்ல என்ன எண்ணெய்ங்க ஊத்துறீங்க?"

"கடலெண்ணெய்ங்க." அவள் கேட்டு முடிக்கும் முன்பே அன்வர் பாட்சா சொன்னார். "எங்களுதே எண்ணெய்க் கடைதாங்க. எங்க அத்தா காலத்துல இருந்து செவ்வாய்ப்பேட்டைல இருக்குது. ஒரு சொட்டுக் கலப்படம்னு யாரும் சொன்னதில்ல."

"மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

கடை நடத்துகிற இரண்டு ஆண்களுக்கும் அது தெரியவில்லை. இர்பானாதான் சொன்னாள்.

"பத்து நாளைக்கு ஒரு தூக்கு வரும்ங்க. மூணு லிட்டர் தூக்கு."

"வீட்ல எத்தனை பேர்?"

"பெரியவங்க நாலு பேரு. இவ ஒருத்தி."

தேவிப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒருத்தருக்கு மாசம் அரை லிட்டர் போதும்ங்க. உங்க வீட்டுக்கு ரெண்டரை லிட்டரே தாராளம். நீங்க ஒன்பது லிட்டர் ஊத்துறீங்க."

அவள் அஸாருதீனைக் கை காட்டினாள்.

"இவருக்கு ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன்தான். தாளிப்பு, பொரியல், தோசைக்கல், எல்லாம் சேர்த்து மூணு." அவள் ஒரு சின்னக் கரண்டியை எடுத்து அஸாருதீன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க எண்ணெய்ல கொலஸ்ட்ரால் கிடையாதுங்க" என்றார் அன்வர் பாட்சா. "டின்லயே போட்டிருக்கும்."

"எல்லா டின்லயும் போட்டிருக்கும்ங்க, ஐயா. கொலஸ்ட்ரால் கறி, முட்டை, பால், நெய்ல இருக்கறது. செடி கொடில எடுக்கற எந்த எண்ணெய்லயும் அது கிடையாது. அதுக்காக எல்லாம் ஒண்ணாகிடாது. பாமாயில், வனஸ்பதி இதுல எல்லாம் உறையற கொழுப்பு ஜாஸ்தி. அதைச் சாப்பிடச் சாப்பிட நம்ம ரத்தத்துல கெட்ட கொழுப்பு ஏறும். வனஸ்பதில இன்னொரு மோசமான கொழுப்பும் இருந்துச்சு. இப்பதான் சட்டம் போட்டு அதைக் குறைச்சிருக்காங்க. கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இதுல எல்லாம் அது கம்மி. மாத்தி மாத்தி வெச்சுக்கலாம். ஆனா எதுவா இருந்தாலும் அளவு அளவுதான்."

இர்பானாவுக்குக் காலையில் பார்த்த தூக்கு கண்ணில் வந்து நின்றது.

"மேடம், அசல் கடலெண்ணெய் உறையுமா?"

"எப்படி உறையுது?"

"இன்னிக்குக் காலைல கரண்டி நின்னுச்சுங்க."

"கடலெண்ணெயும் குளிர்ந்தா கொஞ்சம் மங்கும், கெட்டியாகும். ஆனா நம்ம சேலத்துக் குளிருக்குக் கரண்டி நிக்காதுங்க."

"அது பழைய செக்கு எண்ணெய்ங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார் அன்வர் பாட்சா. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அஸாருதீன் கரண்டியை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். தேவிப்ரியா மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பெரியவரோடு வாதம் செய்ய அவளுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது.

"எண்ணெய் ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்ங்க" என்றாள் மெதுவாக. "பரம்பரை வாகும் இருக்கலாம். பாப்பாவுக்கு ரத்தம் எடுத்ததே அதுக்குத்தான். அப்படி வாகு இருந்துச்சுன்னா, வீட்ல என்ன எண்ணெய்ங்கறதை இன்னும் கவனமாப் பாக்கணும். மத்தவங்க உடம்பு தாங்கறதை இவங்க உடம்பு தாங்காது."

இவங்க என்று சொல்லும்போது அவள் அஃபீபாவைத்தான் பார்த்தாள். குழந்தை இன்னும் ரப்பர் இட்லியை விடவில்லை.

வெளியே வந்ததும் அன்வர் பாட்சா லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று தனி ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டார். இர்பானா கணவனையும் மகளையும் வேறு ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பினாள்.

"நீ வரலையா?" என்றான் அஸாருதீன்.

"நம்ம கடைல போய் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிட்டு வாரேன். உங்களுக்குத் தனியா சமைக்க."

"கடைக்கா? நீயா?" அவன் முகம் மாறியது. "வேண்டாம் இர்பானா. நான் போன் பண்ணிச் சொல்றேன், குடுத்து விடுவாங்க."

"ஏன், நான் போனா என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அந்த வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனாலும் போனதில்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இர்பானா அந்தக் கடையின் முன் பக்கத்தை இரண்டு தடவை டவுன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். இன்று மூட்டை வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் புகுந்து, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்தாள்.

கடையில் மாமனார் அன்வர் பாட்சா இல்லை. தொழுகையிலிருந்து இன்னும் வரவில்லை. எண்ணெய் ஊற்றுகிற அருணகிரி மட்டும் இருந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வருடமாக அதே கடையில் இருக்கிறார். பெருநாளைக்குப் பிரியாணி வாங்க வீட்டுக்கு வருவதால் இர்பானாவைத் தெரியும்.

"அட, அம்மிணியா! தம்பி எப்படி இருக்காருங்க? நீங்க எதுக்குங்க இந்தக் கூட்டத்துல, சொல்லி உட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே."

"இருக்கட்டும்ங்கண்ணா. ஒரு லிட்டர் கடலெண்ணெய் குடுங்க."

அவர் உள்ளே நடந்தார். அவளும் பின்னால் போனாள். கடைக்குப் பின்னால் வெயில் விழுகிற சின்ன முற்றம். அங்கே ஒரு சாய்வான இரும்புச் சட்டம். அதன்மேல் வரிசையாகக் காலி டின்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டின்னிலிருந்தும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தகரக் கால்வாயில் விழுந்து, அதன் வழியாக ஓடி, கடைசியில் ஒரு தூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

இர்பானாவுக்கு அந்தத் தூக்கைத் தெரியும். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றி, மூடியில் அ.பா. என்று வெட்டியிருக்கும். வீட்டில் இரண்டு தூக்கு உண்டு. ஒன்று அடுப்படியில் இருக்கும்போது மற்றொன்று கடையில் இருக்கும்.

"இது என்னதுங்கண்ணா?"

"இதா? வடி எண்ணெய்ங்க. எவ்வளவுதான் ஊத்தினாலும் டின்னுக்குள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குமுங்க. கவுத்து வெச்சா வடிஞ்சிரும். ஊட்டுக்குப் போறதுதானுங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"எந்த எண்ணெய் டின்னு?"

"எல்லாந்தானுங்க." அருணகிரி உற்சாகமாகச் சொன்னார். தொழில் பற்றி யாராவது கேட்டால் அவருக்குச் சந்தோஷம். "ஆனா கடலெண்ணெய் அவ்வளவா நிக்காதுங்க, தண்ணி மாதிரி இறங்கிரும். ஓட்டலுக்குப் போற பாமாயிலும் வனஸ்பதியுந்தான் டின்னை உட்டு வராது. அதுவும் இந்தத் தையில கல்லாட்டம் புடிச்சுக்கும். வெயில்ல போட்டு, வெந்நித் துணியில ஒத்தடம் குடுத்தாத்தான் இறங்கும். பாதிக்கு மேல அதுதானுங்க இருக்கும்."

அவள் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை வெளிய விக்கிறதில்லையா?"

"அய்யய்யோ! பாய் காதுல உழுந்தா என்னை வெரட்டிருவாருங்க. பஜ்ஜிக் கடைக்காரங்க எத்தனை பேரு வந்து கெஞ்சியிருக்காங்க தெரியுமா? மத்த கடைல குடுக்கறாங்க. இவரு மாட்டாரு. கலந்ததை ஒருத்தனுக்கு ஊத்தினா அது ஏமாத்துன்னுவாரு. சாக்கடைல கொட்டவும் மாட்டாரு, அல்லா குடுத்ததை வீணாக்கினா அது பாவம்ன்னுவாரு. அவிங்கப்பாரு காலத்துல இருந்தே இப்படித்தானுங்க. இந்த மாதிரி ஒரு மனுஷனை இந்தப் பேட்டையில பாக்க முடியாதுங்க, அம்மிணி."

உண்மைதான். அந்த ஆள் யாரையும் ஏமாற்றவில்லை. இர்பானாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. திருடனாக இருந்தால் சண்டை போடலாம். கஞ்சனாக இருந்தால் காறித் துப்பலாம். ஊரில் ஒருத்தர் வாயிலும் கலப்பு எண்ணெய் போய்விடக்கூடாது என்று நினைத்த நல்ல மனுஷன், அத்தனையையும் பெற்ற மகன் சோற்றில் ஊற்றியிருக்கிறார். அதையும் நேர்மை என்றே நம்பியிருக்கிறார்.

தலையில் தொப்பியோடு அன்வர் பாட்சா உள்ளே வந்தார். மருமகளை முற்றத்தில் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்கே எதுக்கும்மா வந்தே?"

"எண்ணெய் வாங்க வந்தேன், மாமா."

"ஊட்டுக்குத்தான் வருதே."

"அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவர் சட்டத்தைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், அருணகிரியைப் பார்த்தார். அருணகிரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, புஸ்தகத்துல படிச்சதைச் சொல்லுது" என்றார் அன்வர் பாட்சா கடைசியில். "அறுபது வயசாகுது எனக்கு. சின்ன வயசுல இருந்து இதைத்தான் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?"

இர்பானா மூடி திறக்காத ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவர் பின்னால் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். தஸ்லீம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்கி வைத்திருந்தாள். அஸாருதீனுக்குப் பிடித்த குழம்பு. மேலே ஒரு விரல் எண்ணெய் மினுமினுத்தது.

"மாமி, தூக்குல வர்றது வடி எண்ணெய்னு உங்களுக்குத் தெரியுமா?"

தஸ்லீமின் கை நின்றது. "தெரியாம என்ன? நான் இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து அதுதான்."

"கடலெண்ணெய்னு சொன்னீங்களே."

"எனக்கு அப்படித்தான் என் மாமியா சொன்னாங்க. உனக்கு நான் அதையே சொன்னேன்." அவள் திரும்பாமலே பேசினாள். "எல்லாம் எண்ணெய்தானேன்னு இருந்தேன். விஷமா வெச்சேன் என் புள்ளைக்கு? அவனுக்குப் புடிக்குமேன்னு கையாரக் கையார ஊத்தினேன் இர்பானா."

தஸ்லீம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இர்பானாவுக்கு அவள் மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அது போய்விட்டதில் இன்னும் பாரம்தான் கூடியது.

கூடத்தில் அஸாருதீன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்" என்றான். "பதினஞ்சு வருஷமா நான்தான் டின்னு கவுக்கிறேன்."

"அப்ப அந்த மேடம் கேட்டப்ப ஏன் வாய் திறக்கல?"

"அத்தா பக்கத்துல உக்காந்திருந்தாரே."

இர்பானாவுக்குச் சட்டென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. "உங்க நெஞ்சுக்குள்ள கம்பி வெச்சிருக்காங்க. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." அவன் எழுந்து உட்கார்ந்தான். பேசுவதற்கே மூச்சு வாங்கியது. "நீ அவரைக் கடைல நிக்கும்போது பாத்ததில்ல. அன்வர் பாட்சா கலக்க மாட்டாருன்னு பேட்டையே சொல்லும். அவரு நிமிந்து நிக்கிறதே அந்த ஒரு வார்த்தைலதான். உங்களாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு அவருகிட்ட நான் எப்படிச் சொல்றது? அதைச் சொன்னா அவரு இருக்க மாட்டாரு இர்பானா."

"சொல்லாட்டி நீங்க இருக்க மாட்டீங்க."

 அப்பனைக் காப்பாற்றுவதா, தன்னைக் காப்பாற்றுவதா என்று ஒரு மனுஷனைக் கேட்டால் அவன் என்னதான் சொல்வான்? நமக்கு அவன் மேல் எரிச்சல்தான் வருகிறது, ஆனாலும் பாவமாகவும் இருக்கிறது.

இர்பானா அடுப்படிக்குத் திரும்பினாள். புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து, டீஸ்பூனில் ஒரே ஒரு தடவை அளந்து, பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தாள். அளந்து ஊற்றியபோது மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இரண்டரை மணிக்கு அன்வர் பாட்சா சாப்பிட வந்தார். கூடத்தில் விரிப்பு விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் சோறு. ஒரு பக்கம் புளிக்குழம்பு, இன்னொரு பக்கம் பீர்க்கங்காய்க் கூட்டு. ஒருத்தருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று ஒரே விரிப்பில் இரண்டு சட்டி வைத்தது அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவை.

"இது என்ன?" என்றார் அன்வர் பாட்சா.

"அவருக்குத் தனியா வெச்சேன், மாமா. புது எண்ணெய்ல."

"அப்ப நாங்க திங்கறது?"

இர்பானா வாயைத் திறந்தாள். அஸாருதீன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலுக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை எத்தனை தடவை திட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத்தான் தெரியும்.

"நம்ம ஊட்டுல அடுப்பு ரெண்டானதில்ல" என்றார் அவர். "அவனோட அம்மா கையால ஆக்கினது ஆகாதுன்னு ஆயிப்போச்சா? சரி. இது அவனே முடிவு பண்ணட்டும்."

எல்லோரும் அஸாருதீனைப் பார்த்தார்கள். தஸ்லீம் மட்டும் பார்க்கவில்லை, தரையில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் கூட்டுச் சட்டியைப் பார்த்தான். பிறகு அத்தாவின் முகத்தைப் பார்த்தான். காலையிலிருந்து அந்த முகத்துக்கு வயது கூடியிருந்தது.

அஸாருதீன் புளிக்குழம்பை எடுத்து, கரண்டி நிறையச் சோற்றில் ஊற்றினான். எண்ணெய் சோற்றைச் சுற்றி மஞ்சளாகப் பரவியது.

"ஏங்க" என்றாள் இர்பானா.

"இருக்கட்டும். ஒரு நாள்தானே."

பிசைந்து ஒரு வாய் வைத்தான். மென்றான். அன்வர் பாட்சா பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் போதும். அவருக்குத் தெரியும். காலையில் அந்தப் பெண் பாமாயில், வனஸ்பதி என்று சொன்னபோதே அவருக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. மசூதியில் லுஹர் தொழுகையின் நான்கு ரக்அத்தையும் எப்படித் தொழுதார் என்றே அவருக்கு நினைவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் இத்தனை வருடமும் செய்தது தப்பு என்றாகிவிடும். அவர் சொல்லவில்லை. மகன் இரண்டாவது வாய் வைத்தான்.

"எனக்கும் அத்தாவுக்குப் போட்டதே வேணும்" என்றாள் அஃபீபா, தட்டை நீட்டி. "கூட்டு எனக்கு வேண்டாம்."

தஸ்லீம் எதுவும் யோசிக்காமல், எட்டு வருடப் பழக்கத்தில், குழம்புக் கரண்டியை எடுத்துவிட்டாள்.

அன்வர் பாட்சாவின் கை நீண்டு வந்து பேத்தியின் தட்டை மூடியது. அவசரத்தில் தண்ணீர்ச் செம்பு சாய்ந்து விரிப்பு நனைந்தது.

"உனக்கு வேண்டாம், கண்ணு. நீ உங்கம்மா ஆக்கினதைச் சாப்பிடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. தஸ்லீமின் கரண்டி அந்தரத்தில் நின்றது. 

அஸாருதீன் மூன்றாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன இடத்தில் நிறுத்தினான். அத்தாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் குரலில் கோபமே இல்லை. குழந்தை கேட்பதைப்போல, தெரிந்துகொள்ள மட்டும் கேட்டான்.

"அவளுக்கு வேண்டாம்னா, அப்ப எனக்கு, அத்தா?"

 மகனின் தட்டைப் பிடுங்க அன்வர் பாட்சாவுக்குக் கை வரவில்லை. பேத்தியின் தட்டை மூடிய கையை எடுக்கவும் இல்லை.